மறுகுடியமர்வுப் பகுதி இளையோரை உருவப்படம் எடுக்கப் போகிறவருக்கு

நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்திய சென்னை பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வசிக்கும் 15 வயது முதல் 22 வயது வரையிலான பிள்ளைகளை உருவப்படம் எடுத்துத் தரும்படி ஒரு தொண்டு நிறுவனம் உங்களைக் கேட்டிருக்கிறது. எந்த லென்ஸை எடுத்துப் போவது, எந்த நேரத்து வெளிச்சம் பொருந்தும், முகத்தில் எந்த உணர்வு தெரிந்தால் அவர்களுடைய வாழ்க்கை படத்தில் வெளிப்படும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவி என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் மூன்றுக்கும் விடை சொல்கிறேன். மூன்றாவது கேள்வியில்தான் நானே தொடக்க காலத்தில் சறுக்கி விழுந்தேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதே போன்ற இன்னொரு மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் ஒரு நாள் காலையில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்களோடு கூட்டம் முண்டியடித்த நேரத்தில், முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டு, கீழே இரண்டு பிளாஸ்டிக் குடங்களுடன் அண்ணாந்து பார்த்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் படமெடுத்தேன். மேலிருந்து எடுத்ததால் உடல் சிறுத்து, கண்கள் மட்டும் பெரிதாக விழுந்திருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். என்னைப் பணியமர்த்திய அமைப்பு அதை நன்கொடை கேட்கும் துண்டறிக்கையின் முகப்பில் அச்சிட்டது. சில மாதங்கள் கழித்து அந்தத் துண்டறிக்கை எப்படியோ அவனுடைய பள்ளிக்கே போய்ச் சேர்ந்தது, வகுப்பில் அவனுக்கு ஒரு பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. மறுபடியும் நான் அங்கே போனபோது அவன் கோபப்படவில்லை. "அண்ணா, அன்னைக்கு சாயங்காலம் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நின்னேனே, அந்தப் படத்தை ஏன் குடுக்கல?" என்று மட்டும் கேட்டான். அவன் அப்படி வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மனம் நோகக்கூடாதே என்று இரண்டு படம் எடுத்துவிட்டு, அன்றிரவே கணினியில் அவற்றை அழித்திருந்தேன்.

அந்தச் சட்டைதான் அவன் எனக்குக் கொடுத்த உருவப்படம், குடம் நானே எடுத்துக்கொண்டது. அன்று முதல் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன்: படத்தில் இருக்கும் பிள்ளை தன் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பாத படத்தை வெளியே ஒருவருக்கும் காட்டுவதில்லை. இனி நான் சொல்லப் போகும் லென்ஸ், வெளிச்சம், சட்டம், பிரிண்ட் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

நம் ஊரில் இந்த விதிக்கு நேர்மாறான வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மானுடவியல் அளவீட்டுக்காக மனிதர்களை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று நிறுத்திப் படமெடுக்கும் முறை பரவியது. பின்னால் கட்டங்கள் போட்ட திரையைத் தொங்கவிட்டு, உடலின் நீள அகலத்தைப் படத்திலிருந்தே கணக்கிடுவதும் அந்த முறைகளில் ஒன்று. எழும்பூரில் இருக்கும் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், வந்தவர்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. அவற்றிலுள்ள படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே ஆளின் பெயர் இருக்காது, குழுவின் பெயர்தான் இருக்கும். இன்றைக்கும் ஒரு நிறுவன அறிக்கையில் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு சிறுமியின் படத்துக்குக் கீழே 'குடிசைப் பகுதிச் சிறுமி' என்று அச்சாகும்போது, அந்த அளவுகோல் இன்னும் கீழே வைக்கப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நல்ல நோக்கத்தோடு எடுத்த படங்களின் கதையும் அவ்வளவு எளிதானதல்ல. லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கர் ஆசிரியராக இருந்தவர், சமூகவியல் படித்தவர். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் போய் அங்கே வேலை செய்த பிள்ளைகளைப் படமெடுத்தார். உள்ளே விட மறுத்த இடங்களில் தீத்தடுப்பு ஆய்வாளர் என்றோ பைபிள் விற்பவர் என்றோ சொல்லிக்கொண்டு நுழைந்தார். தன் மேல்சட்டைப் பித்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்ததால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் உயரத்தை யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொள்ள முடிந்தது. நாம் அவரிடம் கற்க வேண்டியவை இரண்டு. கேமராவைப் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு இறக்கினார். முடிந்தபோதெல்லாம் பெயரையும் வயதையும் கேட்டு எழுதினார். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராக 1916-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வரவும், 1918-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கிய பிறகு 1938-இல் நிலைத்து நின்ற சட்டம் வரவும் உதவிய சான்றுகளில் அவருடைய படங்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஹைன் 1910-இல் வெர்மான்ட் மாநிலத்துப் பஞ்சாலை ஒன்றில் நூற்பு இயந்திரத்தில் கை வைத்து வெறுங்காலோடு நின்ற ஆடி கார்டு என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்தார். 1998-இல் அந்தப் படம் அமெரிக்க அஞ்சல்தலையாகவே வந்துவிட்டது. அந்தச் சிறுமி யார், பிறகு என்ன ஆனார் என்று சிலர் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1993-இல் இறந்திருந்தது தெரியவந்தது. தேடிப் போனவர்கள் காட்டித்தான் அவருடைய சந்ததியினரே அந்தப் படத்தைப் பார்த்தார்கள். நாடறிந்த படம் அந்த வீட்டில் மட்டும் இல்லை. 1984-இல் பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படமும் அதே கதைதான். ஷர்பத் குலா என்ற அவருடைய பெயர் உலகத்துக்குத் தெரிந்ததும், அந்தப் படத்தை அவர் முதன்முறையாகப் பார்த்ததும் 2002-இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அந்தப் பச்சைக் கண்களைப் பார்க்காதவர் உலகில் குறைவு.

வேறு விதமாகவும் இந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் அவர்களைத்தான் காட்டுவேன். ஆப்பிரிக்காவின் மாலி நாடு 1960-இல் விடுதலை அடைந்த காலத்தை ஒட்டி, தலைநகர் பமாகோவில் மாலிக் சிதிபே என்பவர் ஒரு சிறிய ஸ்டூடியோவைத் திறந்தார். இளைஞர்கள் நடத்தும் இசை விருந்துகளுக்குக் கேமராவோடு போய்ப் படமெடுப்பார், இரவோடு இரவாகக் கழுவிச் சிறு பிரதிகளை அட்டையில் ஒட்டி வைப்பார். பிள்ளைகள் வந்து தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து வாங்கிப் போவார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகள்தான், ஆனால் அந்தப் படங்களில் நமக்குத் தெரிவது புதுச் சட்டையும் நடனமும் நட்பும். வாங்கப் போகிறவர் படத்தில் இருப்பவரே என்பதால், அவர் விரும்பும் முகத்தை எடுத்தே ஆக வேண்டும். 2007-இல் வெனிஸ் கலைக் காட்சியின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம், முதன்முறையாக ஒரு புகைப்படக் கலைஞருக்கு, அவருக்குத்தான் கிடைத்தது. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களும் அட்டையில் வரைந்த தாஜ்மகாலின் முன்னாலும் மரப்பலகைக் காருக்குள்ளும் ஆட்களை உட்கார வைத்துச் செய்தது ஏறக்குறைய இதையேதான் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இன்னொருவர் நியூயார்க்கைச் சேர்ந்த தவூத் பே. 1980-களின் இறுதியில் கறுப்பின இளைஞர்களைத் தெருவில் படமெடுத்தபோது, சட்டென்று எடுத்துவிட்டு நகரும் சிறிய கேமராவை ஒதுக்கிவிட்டு, முக்காலியில் நிறுத்த வேண்டிய பெரிய கேமராவைக் கொண்டுபோனார். அதில் அவர் போட்ட போலராய்டு டைப் 55 என்ற ஃபிலிம், எடுத்த இடத்திலேயே ஒரு பிரிண்ட்டையும் ஒரு நெகட்டிவையும் தந்தது. பிரிண்ட்டை நின்றவரிடம் கொடுத்துவிட்டு நெகட்டிவை அவர் வைத்துக்கொண்டார். பின்னாளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை எடுத்தபோது, ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே எழுதியதைப் படத்தின் பக்கத்திலேயே வைத்தார். பிரிண்ட் கொடுப்பது, எழுத வைப்பது என்ற இந்த இரண்டையும் நீங்கள் பெரும்பாக்கத்தில் செய்யலாம், எழுத வைக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இனி இடத்துக்கு வருவோம். கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருவானது, பெரும்பாக்கம் அதற்குப் பிந்தையது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வேலையையும் பள்ளியையும் பின்னால் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தன. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் முகவரியைச் சொன்னதும் எதிரே இருப்பவரின் பார்வை மாறுவது இன்னும் மாறவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று பொதுவாக எழுதிவிட்டுத் தன் பகுதியின் பெயரை விட்டுவிடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். நீங்கள் எடுக்கப் போகும் படம் இந்தப் பார்வையின் நடுவில்தான் போய் விழும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகாவைப் பத்திரிகைகள் 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று எழுதி, பதக்கத்தோடு படம் போட்ட நாட்களில், அதே பகுதிப் பிள்ளைகள் அந்தப் படத்தைக் கைப்பேசியில் ஸ்டேட்டஸாக வைத்துக்கொண்டார்கள். ஊர்ப்பெயரோடு முகம் தெரிவது எப்போது பெருமை, எப்போது சுமை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால் படத்தில் ஊர்ப்பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

முதல் இரண்டு முறை கேமரா இல்லாமல் போங்கள். லிஃப்ட்டில் போகாமல் படியேறிப் போங்கள், பிள்ளைகள் உட்கார்ந்து பேசும் இடம் படிக்கட்டுதான். உங்களை அனுப்பிய நிறுவனத்தின் களப்பணியாளர் கூடவே இருக்கும்போது சம்மதம் கேட்காதீர்கள். மாலை வகுப்பும் நோட்டுப் புத்தகமும் தருகிறவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பிள்ளையாலும் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதற்காகத் தனியாக அழைத்துப் போகவும் கூடாது. அம்மாவோ பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்வையில் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும்.

சம்மதத்தை ஒரே கையெழுத்தாக வாங்காதீர்கள். படமெடுத்து உங்களிடமே தரட்டுமா என்பது ஒரு கேள்வி, கண்காட்சியில் வைக்கலாமா என்பது இன்னொன்று, இணையத்திலும் நன்கொடைக் கடிதத்திலும் போடலாமா என்பது மூன்றாவது. முதலாவதற்கு மட்டும் சரி என்பவர்களே என் அனுபவத்தில் அதிகம், அதுவே போதுமான சம்மதம்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து வேண்டும், ஆனால் பெற்றோர் சரி சொல்லிப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கே படம் கிடையாது. எடுத்து முடித்துத் திரையில் காட்டிய பிறகு இதே மூன்று கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். தன் முகத்தைப் பார்க்கும் முன்பு தரும் சம்மதமும் பார்த்த பின்பு தரும் சம்மதமும் ஒன்றல்ல. நாளைக்கு மனம் மாறினால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கைப்பேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள், அது உங்கள் எண்ணாக இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளை (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறார்), பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட அல்லது அதற்குச் சாட்சியான பிள்ளை ஆகியோரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் இதே போன்ற தடையை விதிக்கிறது. நீங்கள் எடுக்கப் போகிறவர்களில் இப்படிப்பட்ட பிள்ளை யாரும் இருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கேட்கவும் கூடாது. எனவே எல்லாப் படங்களிலும் அப்படிப்பட்ட பிள்ளை இருப்பதாக எண்ணியே அவற்றைக் கையாளுங்கள்: பின்னணியில் பிளாக் எண், வீட்டு எண், பள்ளிச் சீருடையின் முத்திரை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவை விழாமல் பாருங்கள், கைப்பேசியில் எடுத்தால் இடத்தைப் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள்.

லென்ஸ் கேள்விக்கு விடை ஒரு வரிதான். முழுச் சட்டகக் கேமராவில் 50 எம்.எம்., சிறிய சென்சார் என்றால் 35 எம்.எம்.; அந்தக் குடியிருப்பின் காரிடாரில் 85 எம்.எம். போட்டால் நீங்கள் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும், கத்திப் பேச வேண்டியிருக்கும். லென்ஸின் துளையை (அப்பர்ச்சரை) எஃப் 1.8 வரை அகலமாகத் திறக்க முடிகிறதே என்று பின்னணியை முழுக்கக் கரைத்துவிடாதீர்கள். ஒரு பெண் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மிக்ஸியின் பக்கத்தில்தான் நிற்பேன் என்றாள். அந்த மிக்ஸி மங்கிப் போயிருந்தால் அது அவளுடைய படமாக இருந்திருக்காது. அதே குடியிருப்பில் இன்னொரு பையன், வீடே தெரியக் கூடாது அண்ணா, சுவர் மட்டும் போதும் என்றான். அவனுக்கு எஃப் 2-வில் எடுத்தேன். அப்பர்ச்சரைக்கூட நிற்பவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

வெளிச்சத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகளின் முகங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். வெள்ளையடித்த சுவரின் முன்னால் ஒரு கறுத்த பிள்ளையை நிறுத்தினால் சுவரைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். இருண்ட படிக்கட்டின் முன்னால் நிறுத்தினால் முகத்தை வெளுக்கடித்து, கன்னத்தின் பளபளப்பை அழித்துவிடும். கறுத்த தோலைப் புகைப்படத் தொழில் கவனிக்காமல் விட்டதற்கு இன்னொரு கதையும் உண்டு: இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் வண்ணப் பிரிண்ட்டின் தரத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்தான் இருப்பார், அதற்கு ஷெர்லி கார்டு என்றே பெயர். பழுப்பு நிறங்கள் சரியாகப் பதியவில்லை என்று மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்கள் புகார் செய்த பிறகே அந்த வண்ணங்களில் கவனம் செலுத்தப்பட்டது என்பதை அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே சொல்லியிருக்கிறார்கள். மேசையின் பழுப்புக்காகத் திருத்தினார்கள், மனிதரின் பழுப்புக்காக அல்ல என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும்.

ஆகவே அளவுமானியை ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் புள்ளி முறைக்கு மாற்றிக் கன்னத்தில் வைத்து அளவெடுத்து, அது சொல்வதைவிட முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறைத்து எடுங்கள், கறுப்பு கறுப்பாகவே நிறைவாக வரும். கறுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது நிழலைவிட மினுமினுப்பு என்பதால், ஒரு பக்கத்திலிருந்து வரும் அகலமான மென்வெளிச்சம் வேண்டும். காரிடாரின் கோடியில் கம்பிக் கிராதி வழியாக மாலை நான்கரை மணிக்கு மேல் வரும் வெளிச்சம் அதற்கு மிகவும் ஏற்றது. மறுபக்கத்தில் கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்கள் பிடிக்கும் அதே தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொள்ளத் தம்பியோ தங்கையோ எப்போதும் தயாராக இருப்பார்கள். ஃப்ளாஷை நேராக அடிக்காதீர்கள்; முகத்தில் பவுடர் பூசியிருந்தால் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். பவுடரைத் துடைக்கச் சொல்லவும் வேண்டாம், அது அவர்களுடைய அலங்காரம். வெளிச்சத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

இங்கே என் விதிக்கே ஒரு சோதனை வரும். "கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்கண்ணா" என்று கேட்பார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும் என்று மேலே எழுதிவிட்டு, இதை மட்டும் மறுக்க எனக்கு என்ன உரிமை? பல ஆண்டுகள் யோசித்து நான் வந்து சேர்ந்த வழி இது: முதலில் சரியான எக்ஸ்போஷரில் எடுத்த பிரிண்ட்டைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வேன், பிறகும் வெளுப்பாக்கித்தான் வேண்டும் என்றால் செய்து தருகிறேன் என்பேன். கல்லூரியில் முதலாண்டு படித்த ஒரு பெண், பிரிண்ட்டை வாங்கியதும் சன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இதுவரை அவளிடம் இருந்தவை எல்லாம் பாஸ்போர்ட் சைஸ் படங்களும், தானாக முகத்தை வழவழப்பாக்கும் கைப்பேசியில் எடுத்த செல்ஃபிகளும்தான். "இது எங்க ஆயா மாதிரியே இருக்கு" என்று அம்மாவிடம் காட்டினாள். அம்மா பதில் சொல்லாமல் படத்தை வாங்கித் தாடையருகே விரலை வைத்துப் பார்த்தார். திரும்ப வந்து கலர் ஏற்றிக் கேட்டவர்கள் என் கணக்கில் மிகச் சிலரே, அவர்களுக்கு மறுக்காமல் செய்து கொடுத்தேன். ஆனால் அந்த வெளுத்த பிரதியை என் பெயரில் எங்கும் காட்டியதில்லை.

முகத்தில் எந்த உணர்வு இருக்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு இப்போது நேராக விடை சொல்ல முடியும். நீங்கள் எதையும் கேட்டு வாங்காதீர்கள். "சிரிங்க" என்று சொல்லாதீர்கள், சோகமாகப் பார்க்கச் சொல்வது அதைவிடக் கெடுதல். எங்கே நிற்கிறீர்கள், என்ன உடுத்திக்கொள்கிறீர்கள், கையில் என்ன வேண்டும் என்ற மூன்றை மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் கண் மட்டத்துக்கு இறங்கி உட்கார்ந்து காத்திருங்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், நிறுவனத்தின் டி-ஷர்ட்டைப் படிக்கட்டிலேயே கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியருகே என்னை அழைத்துப் போனான். தூரத்தில் கணினி நிறுவனக் கட்டடங்கள் தெரிந்தன. அவை பின்னணியில் வர வேண்டும் என்று அவன் கேட்பான் என்று எண்ணினேன். அவன் அவற்றுக்கு முதுகைக் காட்டாமல், அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான், அதனால் என் பின்னணியில் விழுந்தது கொடியில் காய்ந்த துணிகள்தான். ஏழெட்டு முறை பொத்தானை அழுத்திய பிறகு காலர் சரியாக இருக்கிறதா என்று கேட்டு ஒரு கணம் என் பக்கம் திரும்பினான். அவன் தேர்ந்தெடுத்தது திரும்பிய அந்த முகத்தைத்தான். என் தேர்வு அதற்கு முந்தையது. அவன் தேர்ந்ததையே வைத்துக்கொண்டேன், இப்போது பார்க்கும்போது அதுதான் நல்ல படம் என்று எனக்கும் தெரிகிறது.

இதற்கும் ஒரு படி மேலே போக நேரமிருந்தால், கேமராவையே அவர்கள் கையில் கொடுங்கள். மதுரைக்காரரான பழனிக்குமார், மீன் விற்ற தாயின் மகன், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர், தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து அவர்களுடைய படங்களைக் கண்காட்சிக்கும் கொண்டுவருகிறார். வெளியாள் ஒருவரால் எட்ட முடியாத நெருக்கம் அந்தப் பிள்ளைகளுடைய படங்களில் கிடைக்கிறது, படமெடுப்பது தன் பிள்ளை என்றால் அம்மா முகத்தை மாற்றிக்கொள்வதில்லை அல்லவா.

நிறுவனத்திடமும் இப்போதே பேசிவிடுங்கள். எந்தப் படம் எங்கே போகும், எவ்வளவு காலம் பயன்படும், தலைப்பு வரியை யார் எழுதுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரிண்ட் செலவைத் திட்டத்தொகையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சோகமான முகம்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால் அந்த வேலையை விட்டுவிடுங்கள், நான் விட்டிருக்கிறேன்.

பிரிண்ட் விஷயத்தில் ஒரு தேதியைச் சொல்லி அந்தத் தேதியிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒருமுறை நான் நான்கு மாதம் தாமதித்துப் போனபோது அந்தக் குடும்பம் வாடகைக்கு வேறெங்கோ போய்விட்டிருந்தது. அந்த உறை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஆறுக்கு எட்டு அங்குலத்தில், பளபளப்பில்லாத மேட் தாளில், ஆளுக்கு இரண்டு பிரதி போடுங்கள். ஒன்று தோழிக்கோ மாமாவுக்கோ போய்விடும். ஃப்ரேம் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். முதன்முறை நான் ஆசையாக ஃப்ரேம் போட்டுக்கொண்டு போனபோது, ஒரு தாய் அதை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி தயங்கி நின்றார். அங்கே ஏற்கெனவே மாமியாரின் படம் மாலையோடும் சீரியல் விளக்கோடும் தொங்கிக்கொண்டிருந்தது. உயிரோடிருக்கும் பிள்ளையின் படத்தைக் கண்ணாடி போட்டு அதன் பக்கத்தில் மாட்ட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பீரோ கதவைத் திறந்து, உட்புறத்தில் பொட்டு ஒட்டி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் படத்தைச் செருகினார். தினமும் காலையில் கதவைத் திறந்தால் மகள் முகத்தில் விழிக்கலாம் என்றார். இப்போதெல்லாம் பிரிண்ட்டைப் பின்னால் ஒட்டும் டேப்போடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.